கலியாணப் பரிசுப் பட்டியல் போடுவது எப்படி: கொழும்பு வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

“பிள்ளை, என்ன வேணும் எண்டு சொல்லு, வாங்கித் தாறன்.”

“உங்கட விருப்பம் பெரியம்மா.”

வில்லங்கம் தொடங்குவது இந்த இரண்டாவது வரியில்தான். பெரியம்மா உண்மையாகவே கேட்கிறா. பதில் கிடைக்காததால் தனக்குத் தெரிந்த கடைக்குப் போய், தனக்குப் பிடித்ததை வாங்குகிறா. அதே கிழமை மாமியும் அதே கடைக்குப் போகிறா. என் கலியாணம் முடிந்து பெட்டிகளைப் பிரித்தபோது ரைஸ் குக்கர் மூன்று வந்திருந்தன. அதில் இரண்டு ஒரே மொடல், ஒரே நிறம். தலையணை உறை ஒன்றுகூட இல்லை.

அதற்குப் பிறகு தங்கைக்கு, மச்சாளுக்கு, அலுவலகத்தில் சிலருக்கு என்று பட்டியல் போட உட்கார்ந்திருக்கிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லாரும் இடறுவது ஒரே இடத்தில்: நேரே கடைக்குப் போய், கண்ணில் பட்டதை எழுதத் தொடங்குவார்கள். கடை கடைசியில் வரட்டும். அப்புறம், பட்டியலைக் கேட்டவருக்கு மட்டுமே காட்டலாம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பல படிகள் இப்படி அமைந்திருப்பது அதனால்தான்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஓர் அளவு நாடா. குடியேறப்போகும் வீட்டுக்குள் ஒரு மணித்தியாலம் நின்று பார்க்கும் வசதி. அழைப்பவர்களின் பட்டியல், ஆள் கணக்கில் அல்ல, குடும்பக் கணக்கில். இருவரும் போனில் திறக்கக்கூடிய ஒரு கூகிள் ஷீட். உங்கள் சார்பில் பேச ஒருவர். அவரைப் பற்றி எட்டாம் படியில் சொல்கிறேன்.

நாள்கணக்கில், கலியாணத்துக்கு எட்டுக் கிழமைக்கு முன்பே தொடங்குங்கள். கார்ட் கைக்குப் போன அன்றே “என்ன வேணும்” என்ற தொலைபேசி வரத் தொடங்கும். அப்போது பட்டியல் இல்லையென்றால் வாய் தானாகவே “உங்கட விருப்பம்” என்று சொல்லிவிடும்.

1. இரண்டு அம்மாமாரிடமும் முதலில் கேளுங்கள்

அம்மாவின் அலுமாரிக்கு மேலேயோ கட்டிலுக்குக் கீழேயோ ஒரு பெட்டி இருக்கும். நீங்கள் ஓ.எல். எழுதிய காலத்தில் வாங்கி வைத்த எவர்சில்வர் சாமான், ஒரு சோடி குத்துவிளக்கு, யாரோ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கிளாஸ் செட். “உனக்கெண்டுதான் வச்சிருக்கிறன்” என்பா. அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்காமல் பட்டியல் எழுதினால், சொந்த வீட்டுச் சாமானே இரண்டாம் முறை வந்து சேரும்.

ஷீட்டின் முதல் பக்கத்துக்கு “இருப்பவை” என்று பெயர் வையுங்கள். பெட்டியில் இருப்பதையும், பெற்றோர் வாங்கித் தருவதாக ஏற்கெனவே சொல்லிவிட்ட பெரிய சாமான்களையும் (கட்டில், அலுமாரி, பிரிட்ஜ்) அதில் எழுதுங்கள். அவை பட்டியலுக்குள் வரக்கூடாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. மாப்பிள்ளை தன் அம்மாவிடம் கேட்கட்டும், பொம்பிளை தன் அம்மாவிடம் கேட்கட்டும். குறுக்கே கேட்க வேண்டாம். மாப்பிள்ளை பக்கத்திலிருந்து ஒரு சாமான் பட்டியல் பொம்பிளை வீட்டு வட்ஸ்அப்புக்குப் போனால், அதற்கு என்ன விளக்கம் சொன்னாலும் சீதன லிஸ்ட் என்றுதான் ஊர் பேசும். ஒரு வீட்டில் வெறும் நொன்ஸ்டிக் சட்டிக்காக அந்தப் பேச்சு ஒரு மாதம் ஓடியது.

2. எந்த வீடு என்று தெரிந்த பிறகு அளவெடுங்கள்

வீடு முடிவாகாமல் பட்டியல் போடாதீர்கள். தனியாக வாடகை அபார்ட்மெண்ட், பெற்றோருடன் மேல்மாடி, ஆறு மாதத்தில் லண்டன் பயணம்: மூன்றுக்கும் மூன்று பட்டியல். வெளிநாடு போவதென்றால் சாமானைக் குறைத்து, சூட்கேஸில் மடித்து வைக்கக்கூடியதையும் வவுச்சரையும் மட்டும் வையுங்கள். பெற்றோருடன் என்றால் குசினியை மறந்துவிட்டு உங்கள் அறைக்கு மட்டும் எழுதுங்கள். அம்மாவின் குசினிக்குள் இரண்டாவது மிக்சி போனால் அது சாமான் பிரச்சினையாக நிற்காது.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெகிவளைப் பக்கத்து அபார்ட்மெண்ட் என்றால் இவற்றை அளந்து எழுதுங்கள்: லிஃப்ட் வாசல் அகலம், வீட்டு வாசல், குசினி வாசல், சமையல் மேடையில் வெறுமையாக இருக்கும் நீளம், மேடைக்கும் மேல் அலுமாரிக்கும் நடுவே உள்ள உயரம். இந்தக் கடைசி அளவை எல்லாரும் விட்டுவிடுவார்கள். மூடி மேலே திறக்கும் சாமான் எதுவானாலும், மூடி திறந்த உயரத்துக்கு இடம் வேண்டும்.

என் மச்சாளுக்கு நண்பர்கள் சேர்ந்து நான்கு அடுப்பும் ஓவனும் உள்ள பெரிய குக்கர் ஒன்று கொடுத்தார்கள். லிஃப்டுக்குள் போகவில்லை. ஐந்து மாடி படியால் தூக்கினார்கள். குசினி வாசலில் இரண்டு அங்குலம் இடித்தது. இப்போது பல்கனியில் நிற்கிறது. அதன்மேல் துளசிச் சட்டி. கடல் பக்கத்துப் பல்கனி என்பதால் ஒரு வருடத்துக்குள் கால்கள் துருப்பிடித்துவிட்டன.

அந்த உப்புக்காற்றையும் கணக்கில் எடுங்கள். மரைன் டிரைவுக்குப் பக்கத்து வீடு என்றால் இரும்பில் பூச்சுப் பூசிய துணி காயப்போடும் ஸ்டாண்ட், பாத்திர ராக்கை, குரோம் பூசிய சாமான் எதுவும் வேண்டாம். அலுமினியம், நல்ல எவர்சில்வர், பிளாஸ்டிக், மரம் என்று போங்கள்.

அப்புறம் பிளக். பழைய கொழும்பு வீடுகளில் 5 அம்பியர் வட்ட முள் பிளக்தான் அதிகம், அங்கங்கே 15 அம்பியர் பெரிய வட்ட முள், புதுக் கட்டடங்களில் 13 அம்பியர் சதுர முள். குசினியில் எது எத்தனை இருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். நான்காம் படியில் இது தேவைப்படும்.

3. உங்கள் ஒரு கிழமையை எழுதிப் பாருங்கள்

இதைச் செய்யச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் பாதிப் பட்டியல் இதிலிருந்துதான் வரும். திங்கள் முதல் ஞாயிறு வரை காலை, மதியம், இரவு என்ன சாப்பிடப் போகிறீர்கள், யார் சமைப்பது, எத்தனை மணிக்கு வேலைக்குப் போவது என்று இருவரும் உட்கார்ந்து எழுதுங்கள்.

காலையில் இருவரும் ஏழு மணிக்கு இறங்குபவர்கள் என்றால் சாப்பாட்டுப் பெட்டி வேண்டும், பான் டோஸ்டர் வேண்டும். பன்னிரண்டு பேருக்கான டீ செட் வேண்டாம். இரவில் இடியப்பமும் சொதியும் கடையில்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் இடியப்ப உரல் அலுமாரியில் தூங்கும். வெள்ளிக்கிழமை சைவம் என்றால் மரக்கறிக்குத் தனிச் சட்டி, தனி அகப்பை. அப்படியானால் சட்டி செட் ஒன்றல்ல, சிறியதாக இரண்டு. இதை எந்தக் கடையின் ஆயத்தப் பட்டியலும் உங்களுக்குச் சொல்லாது.

பொய் எழுத வேண்டாம். தோழி ஒருத்தி கேக் அடிக்கும் பெரிய மிக்சர், பன்னிரண்டு கப் கேக் தட்டு, அளவுக் கரண்டி எல்லாம் எழுதினாள். கேக் செய்வீங்களா என்று கேட்டேன். “கலியாணத்துக்குப் பிறகு பழகுவன்” என்றாள். பழகியபின் வாங்கலாம்.

4. மின்சாதனங்கள்: வோட், பிளக், வோல்ட்

பிழை அதிகம் நடப்பதும் காசு அதிகம் வீணாவதும் இங்கேதான். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதலில் வோட்டைப் பாருங்கள். இங்கே மின்சாரம் 230 வோல்ட். 5 அம்பியர் பிளக்கில் தாங்கக்கூடியது ஐந்தை 230 ஆல் பெருக்கினால் வரும் 1150 வோட்தான். 700 வோட் ரைஸ் குக்கர் அதில் ஓடும். 2000 வோட் இன்டக்‌ஷன் அடுப்பும் கேத்திலும் தனித்தனியே ஏறத்தாழ 9 அம்பியர் இழுக்கும். அதற்கு 13 அல்லது 15 அம்பியர் வேண்டும். அடப்டர் போட்டு 5 அம்பியரில் சொருகுவார்கள். முதலில் பிளக் சுடும், பிறகு கறுக்கும். ஆகவே வீட்டில் பெரிய பிளக் இரண்டுதான் இருந்தால், அதிக வோட் சாமான் பல எழுத வேண்டாம்.

அடுத்தது வெளிநாட்டு உறவு. கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். அங்கிருந்து ஆசையாகக் கொண்டுவரும் மிக்சியை இங்கே நேரே சொருகினால் அன்றைக்கே கதை முடியும். டிரான்ஸ்போமர் வைத்து ஓட்டலாம்தான், ஆனால் வோட் கூடிய சாமானுக்கு அது பெரிதும் பாரமுமாக இருக்கும். குசினி மேடையில் அதற்கு யார் இடம் கொடுப்பது? பிரித்தானியச் சாமான் பிரச்சினை இல்லை. வோல்ட்டும் சரி, அவர்களுடைய சதுர முள் பிளக்கும் இங்குள்ளதேதான். சுவிஸ், ஜேர்மனி, பிரான்ஸ், அவுஸ்திரேலியா என்றால் வோல்ட் சரி, பிளக்தான் வேறு. டொரொன்டோ மாமாவிடம் மின்சாரச் சாமான் எதையும் கேட்காதீர்கள். போர்வை, துவாய், நல்ல கத்தரிக்கோல் என்று கேளுங்கள். அல்லது கப்ருக போன்ற இணையக் கடையில் அங்கிருந்து காசு கட்டி, இங்கே சாமான் வீட்டுக்கு வரும்படி செய்யச் சொல்லுங்கள்.

இந்திய மிக்சி தேங்காய்ச் சட்னிக்கும் உழுந்துக்கும் நல்லது, வோல்ட்டும் பொருந்தும். ஆனால் சென்னையில் வாங்கி வந்தால் வொரன்டி இங்கே செல்லுமா என்று கேட்டு, செல்லாதென்றால் கொழும்பில் முகவர் உள்ள மொடலையே எழுதுங்கள். ஜார் உடைந்தால் ஜார் இங்கே கிடைக்க வேண்டும். மிக்சி தேர்வில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அடுப்பு. 2022 இல் கேஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றோம். அதே வருடம் மார்ச் மாதக் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம்வரை போனது. அதைப் பார்த்தபிறகு ஒரே எரிபொருளில் குசினியை நடத்தும் துணிவு எனக்கில்லை. இரட்டைக் கேஸ் அடுப்பு ஒன்று, சிறிய மின் அடுப்பு ஒன்று. இன்டக்‌ஷன் எழுதினால் அதற்குப் பொருந்தும் சட்டியும் எழுதுங்கள்: அடியில் காந்தம் ஒட்டினால்தான் அந்தச் சட்டி சூடாகும். மண்சட்டியும் சாதாரண அலுமினியத் தாச்சியும் அதில் வேலை செய்யா. மண்சட்டி விடமாட்டேன் என்பவர்களுக்கு இன்ஃப்ராரெட் அடுப்பு. அது எந்தச் சட்டியையும் சூடாக்கும்.

பிரிட்ஜ், வொஷிங் மெஷின் இரண்டையும் பட்டியலில் வைப்பதென்றால் பலர் சேர்ந்து வாங்கும் பொருளாக மட்டும் வையுங்கள். இருவருக்கு மிகப் பெரியது வேண்டாம். இங்கே யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் ஏறும். பெரிய பிரிட்ஜ் மாதாமாதம் பில்லில் பேசும்.

5. குசினி, கோப்பை, கிளாஸ்

ரைஸ் குக்கர் ஒன்று, 1.8 லீற்றர். இருவருக்கு 1 லீற்றர் போதும் என்பது கணக்கில் சரி, ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாமா குடும்பத்தோடு வந்தால் அந்தக் கணக்குப் பிழைக்கும். பிரஷர் குக்கர் 3 லீற்றரும் 5 லீற்றரும் தனித்தனி வரியில். தாச்சி, அரிதட்டு, துருவலை, புட்டுப்பானை, நீத்துப்பெட்டி போன்றவற்றைப் பட்டியலில் போட வேண்டாம். விலை குறைவு, பார்த்துத் தட்டிப் பிடித்து வாங்க வேண்டியவை. காலி வீதியில் ஒரு மாலை நடந்தால் நீங்களே வாங்கிவிடலாம். தவிர, நீத்துப்பெட்டியைப் பரிசுத்தாளில் சுற்றிக் கொண்டுவரச் சொன்னால் யார் கொண்டுவருவார்கள்?

கத்தி செட்டும் வேண்டாம். நமக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும், கலியாணத்துக்கு வெட்டும் சாமான் கொடுக்க மூத்தவர்கள் தயங்குவார்கள். கறுப்பு நிறச் சாமானுக்கும் அதே தயக்கம். ஒரே மொடல் வெள்ளையிலும் கறுப்பிலும் கிடைத்தால் வெள்ளையை எழுதிவிடுங்கள், வாங்குபவர் மனம் சங்கடப்படாது.

டின்னர் செட்டில் என் கட்சி வெறும் வெள்ளை. தங்கொட்டுவ பீங்கானும், மாத்தளையில் செய்யும் நொரிடேக்கும் இங்கேயே கிடைக்கின்றன. பூப்போட்ட டிசைனில் கோப்பை ஒன்று உடைந்தால், அந்த டிசைன் அடுத்த வருடம் கடையில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வெள்ளையை எப்போதும் சேர்த்துக்கொள்ளலாம். பொன் விளிம்பு உள்ளதை மைக்ரோவேவில் வைக்கமுடியாது, பொறி பறக்கும். செட்டாக எழுதாமல் “பெரிய கோப்பை 6”, “சூப் கோப்பை 6”, “பரிமாறும் கோப்பை 2” என்று பிரித்து எழுதினால், சிறு தொகைக்கு வாங்க நினைப்பவருக்கும் ஒரு வரி கிடைக்கும்.

6. படுக்கை, துவாய், நுளம்பு வலை

மெத்தையை அளந்து, அங்குலத்தில் எழுதுங்கள். “கிங் சைஸ்” என்று எழுதாதீர்கள். இங்கே பலர் கிங் என்பது 72க்கு 75 அங்குலம். பிரித்தானியாவில் கிங் என்றால் 150க்கு 200 சென்டிமீற்றர், அதாவது 60 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைந்த அகலம். கனடாவில் கிங் 76க்கு 80 அங்குலம். லண்டன் சித்தி கொண்டுவந்த அருமையான பருத்தி விரிப்பு எங்கள் கட்டிலுக்கு ஓர் அடி குறைவு. இன்றுவரை அதை ஜன்னல் திரையாகப் பாவிக்கிறோம்.

விரிப்பு மூன்று சோடி போதும்: ஒன்று கட்டிலில், ஒன்று கழுவுவதில், ஒன்று அலுமாரியில். தடித்த ஹோட்டல் துவாய்க்கு ஆசைப்படாதீர்கள்; மே மாத மழைக்கு அது இரண்டு நாளாகியும் காயாது, மணக்கத் தொடங்கும். மெல்லிய பருத்தித் துவாய் ஆறு எழுதுங்கள். நுளம்பு வலையை நாகரிகம் பார்த்து விடவேண்டாம், டெங்கு மாடி பார்த்து ஏறுவதில்லை.

வெள்ளிச் சாமான் கொடுத்தால்தான் மனம் நிறையும் என்ற பெரியவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காகச் செட்டியார் தெருவில் வாங்கக்கூடிய ஒரே ஒரு வரி வையுங்கள்: “வெள்ளித் தட்டம், சிறியது, 1”. இல்லாவிட்டால் குங்குமச் சிமிழ் ஏழு வரும். தங்கம் பட்டியலில் வரவே கூடாது. அது அவரவர் உறவுக் கணக்கு; நாம் வாய் திறந்தால் அழகில்லை.

7. விலைப் படிகளையும் எண்ணிக்கையையும் சரிபாருங்கள்

இப்போதுதான் கடைக்குப் போகும் நேரம். விலை பார்த்து, பார்த்த திகதியோடு எழுதுங்கள். இரண்டு மாதத்தில் விலை மாறும். ஏப்ரலிலும் டிசம்பரிலும் கழிவு போடுவார்கள். வங்கி அட்டைக்கென்று தனிக் கழிவும் இருக்கும். வாங்குபவருக்கு அது உதவும் என்பதால், கழிவுக்கு முந்திய விலையை எழுதுங்கள். எழுதிய விலையைவிடக் கடையில் குறைந்தால் சந்தோஷம், கூடினால் சங்கடம்.

நான் பாவிக்கும் படிகள் நான்கு: 5,000 ரூபாவுக்குள், 5,000 முதல் 15,000, 15,000 முதல் 40,000, அதற்குமேல் பலர் சேர்ந்து. பாதி வரிகள் முதல் இரண்டு படிகளில் இருக்கட்டும். புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பட்டியலைத் திறந்தவர் முதலில் காண்பது ஒன்றரை இலட்சம் ரூபா டிவி என்றால், “இது நமக்கில்லை” என்று மூடிவிட்டுச் சுவர்க்கடிகாரம் வாங்கப் போய்விடுவார்.

எத்தனை வரி? மண்டபத்தில் 400 பேர் என்பது ஏறக்குறைய 120 குடும்பம். அதில் பெரும்பாலோர் என்வலப்பில் 5001 என்று அந்த ஒரு ரூபாவையும் சேர்த்து வைத்துவிடுவார்கள். பட்டியல் கேட்பவர்கள் நெருங்கியவர்கள் மட்டுமே. அவர்களை எண்ணிப் பாருங்கள். முப்பது வீடு தேறினால் நாற்பது வரி எழுதுங்கள். சரியாக முப்பது எழுதினால் கடைசியாகக் கேட்பவருக்குத் தெரிவு இருக்காது. நூறு எழுதினால் பேராசை போலத் தெரியும், பாதி செட்டும் வந்து சேராது.

சில பெரிய கடைகளில் கலியாணப் பட்டியலைப் பதிந்து வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. எல்லாம் ஒரே கடையில் கிடைக்கிறதென்றால் வசதிதான். ஆனால் பதியுமுன் இரண்டு கேள்வி: இருப்பில் இல்லாமல் போனால் வேறு மொடல் தருவார்களா, மீந்த தொகையை வவுச்சராக மாற்றலாமா? வவுச்சருக்குக் காலாவதித் திகதி என்ன என்பதையும் கேளுங்கள்.

8. எழுதும் விதமும் சொல்லும் விதமும்

ஒரு வரிக்கு ஒரு பொருள். பெயர், மொடல் இலக்கம், நிறம், எண்ணிக்கை, எந்தக் கடை, விலை. “நல்ல மிக்சி ஒன்று” என்று எழுதினால் அது பட்டியல் இல்லை, பெரியம்மாவுக்குக் கொடுத்த பழைய பதில்தான். சோதனை ஒன்று சொல்கிறேன்: அந்த வரியைப் போனில் ஒரே மூச்சில் வாசித்து, மறுமுனையில் இருப்பவர் கடைக்காரரிடம் அப்படியே சொன்னால் சரியான சாமான் வருமா? வராதென்றால் திருத்துங்கள்.

ஷீட் இரண்டு பிரதி. ஒன்றில் யார் எதை எடுத்தார் என்ற பெயர் இருக்கும். அது சார்பில் பேசுபவரிடம் மட்டும். மற்றவர் பார்க்கும் பிரதியில் “எடுத்தாச்சு” என்று மட்டும் இருக்கட்டும். பெயர் தெரிந்தால் “அவை நாப்பதாயிரத்துக்குக் குடுத்தவை, நாங்கள் என்னெண்டு இதைக் குடுக்கிறது” என்று தொடங்கும். பட்டியலைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் போடுவது அடுத்த பிழை. படம் பழசாகிவிடும், ஏற்கெனவே எடுத்த பொருளையே இன்னொருவரும் வாங்குவார். இணைப்பை மட்டும் அனுப்புங்கள்.

சார்பில் பேசுபவர் மணமக்களோ பெற்றோரோ ஆகக்கூடாது. சித்தி, அண்ணி, மூத்த மச்சாள் யாராவது. வெட்கப்படாமல் பேசுபவர், ஆனால் ஆலாபனை செய்யாதவர். அம்மாவிடம் யாராவது கேட்டால் அம்மா சொல்ல வேண்டியது: “சித்தியிட்ட ஒருக்கா கேளுங்கோ, அவவுக்குத்தான் தெரியும்.” சித்தி மூன்று பொருள் சொல்ல வேண்டும், மூன்றும் வெவ்வேறு விலையில்: “துவாய் கொஞ்சம் குறையுது அக்கா, பிரஷர் குக்கர் ஒண்டு, இல்லாட்டி கேஸ் அடுப்பு. எது வசதியெண்டு பாருங்கோ.” ஒன்றை மட்டும் சொன்னால் அது கட்டளை. நாற்பதையும் வாசித்தால் தலை சுற்றும்.

கார்டில் பட்டியலைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம், கணக்கு இலக்கமும் வேண்டாம். அலுவலகத்துச் சிங்கள நண்பர்களும் இளையவர்களும் நேரே கேட்பார்கள். அவர்களுக்கு ஆங்கிலப் பிரதி ஒன்று வைத்து இணைப்பை அனுப்பலாம். சேர்ந்து வாங்கும் பெரிய பொருள்களை அவர்களுக்கே ஒதுக்குங்கள். ஒருவர் தன் அட்டையில் வாங்கி மற்றவர்களிடம் சேர்ப்பது அலுவலகத்தில் எளிது. உறவுக்குள் அந்தக் கணக்கு வருடக்கணக்கில் இழுபடும்.

9. பெட்டி எங்கே வரவேண்டும், பில் எங்கே போகவேண்டும்

பெரிய சாமானை மண்டபத்துக்குக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். இரவு பன்னிரண்டு மணிக்குப் பெட்டிகளை ஏற்ற வான் தேடும்போது மணமக்கள் போய்விடுவார்கள். மிஞ்சி நிற்பது களைத்துப்போன தம்பிமார்தான். புது வீட்டுக்கு நேரே அனுப்பச் சொல்லி, யார் வீட்டில் நிற்பார், எந்த நாள் என்பதையும் சித்தியே சொல்லிவிடட்டும்.

பில்லைக் கேட்பது நம்மவர்க்குக் கூச்சம். விலை பார்க்கக் கேட்கிறோம் என்று நினைப்பார்களோ என்ற பயம். அதனால் வாங்குமுன்னரே சித்தி சொல்ல வேண்டும்: “வொரன்டிக் கார்டில கடைச் சீல் அடிச்சு, பில்லோட பெட்டிக்குள்ளேயே வச்சுவிடுங்கோ.” சீல் இல்லாத வொரன்டிக் கார்டோடு ஒரு கடையில் நான் மூன்று முறை ஏறி இறங்கினேன். கடைசியில் மோட்டரை என் காசில்தான் மாற்றினேன்.

மண்டபத்துக்கு வரும் சிறு பெட்டிகளில் பெயர்ச்சீட்டு கழன்றுவிடும். மேசையில் ஒருவரை நிறுத்தி, பெட்டியின் அடியில் பேனாவால் பெயர் எழுதச் சொல்லுங்கள். என்வலப்புக்கும் அப்படியே.

10. வந்ததைத் திறந்து சோதியுங்கள், நன்றி சொல்லுங்கள்

நாலாம் சடங்கு முடியட்டும் என்று பெட்டிகளை அடுக்கி வைத்துவிட்டு மூன்று மாதம் கழித்துத் திறப்பார்கள். அதற்குள் மாற்றித் தரும் நாள் கடந்துவிடும். மின்சாரச் சாமான் எல்லாவற்றையும் முதற் கிழமையிலேயே ஒரு முறை ஓடவிட்டுப் பாருங்கள். கோப்பைகளைத் தட்டிப் பாருங்கள், வெடிப்பிருந்தால் சத்தம் மொட்டையாக வரும்.

பட்டியலில் இல்லாததும் வரும். வரட்டும். சாமிப் படமும் கடிகாரமும் வராத கலியாணம் கொழும்பில் இல்லை. பிரிக்காமல் வேறொருவருக்குக் கொடுப்பதென்றால் உள்ளே வாழ்த்து அட்டை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கொடுத்தவரின் பக்கத்து உறவுக்குள் அது போகக்கூடாது. மூன்று ரைஸ் குக்கரில் ஒன்றை நான் அப்படித்தான் கொடுத்தேன். இரண்டு வருடத்தில் அது எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது, அதே பெட்டியில், தம்பியின் கலியாணத்துக்கு.

நன்றி சொல்வதற்கும் அந்த ஷீட்தான் உதவும். பெயருக்கு நேரே “சொல்லியாச்சு” என்று இன்னொரு நிரல் போடுங்கள். பட்டியலிலிருந்து வாங்கியவருக்குச் சாமானைப் பாவிக்கும்போதே போன் எடுப்பது நல்லது. “பெரியம்மா, உங்கட குக்கரிலதான் இப்ப பருப்பு வேகுது” என்று சொல்லும்போது பின்னால் விசில் கேட்டால் பெரியம்மாவுக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.